அலுமினியம் டிக் வெல்டிங்: பட்டறைக் குறிப்புகள், அம்பத்தூர்

அக்டோபர் 14
3 மி.மீ. 5052 (ஓர் அலுமினியக் கலவை ரகம்) தகடு. டார்ச்சின் டங்ஸ்டன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆர்க் (மின்பொறி) எரிகிறது, ஆனால் உலோகம் பளபளப்பாக உருகாமல் சாம்பல் தோல் போர்த்திக்கொண்டு சுருங்குகிறது. புதியவர்கள் உடனே ஆம்பியரைக் கூட்டுவார்கள். அதற்கு முன் ஸ்விட்சைப் பாருங்கள்: டிசியில் (ஒருதிசை மின்னோட்டம்) கிடந்தால் ஏசிக்கு (திசை மாறும் மின்னோட்டம்) மாற்ற வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே படிந்த ஆக்சைடுக்கு 2000-க்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைப்பது ஏசியின் பாசிட்டிவ் பாதிதான்.

ஏசியிலும் அப்படியே இருந்தால் அழுக்கு. முதலில் அசிட்டோன், பிறகு ஸ்டெயின்லெஸ் பிரஷ். வரிசை மாறினால் பிரஷ் எண்ணெயை உள்ளே தேய்த்துவிடும். இரும்பைத் தொட்ட பிரஷ் ஆகாது. ஃபில்லர் ராடையும் (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) துடைக்கணும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பக்கமே போகாதீர்கள். ஆர்க் வெளிச்சம் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

அக்டோபர் 17
மழை. காலையிலிருந்து எல்லா ஜாயின்டிலும் ஊசிமுனைத் துளைகள். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். உறையும்போது அது வெளியேற வழியில்லாமல் குமிழாகச் சிக்கும். குளிரூட்டிய அறையில் அடுக்கிய தகட்டை நேராக மேசைக்குக் கொண்டுவந்தால் நம் ஊர்க் காற்றில் அது வியர்க்கும். துடைத்து, லேசாகச் சூடுகாட்டி, பிறகு பிரஷ் போடுங்கள்.

ஈரம் இல்லையென்றால் காரணம் கேஸ், அதாவது வெளிக்காற்றைத் தடுக்கும் ஆர்கான். 7-ஆம் நம்பர் கப்புக்கு (டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் குவளை) ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். 20 வைத்தால் பாதுகாப்பு அதிகமாகாது. சுழல் உண்டாகி வெளிக்காற்றை இழுக்கும். ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். புழுக்கத்துக்கு வைத்த பெடஸ்டல் ஃபேன் முதுகைப் பார்க்கட்டும், ஜாபை அல்ல.

அக்டோபர் 18
டங்ஸ்டன் நுனி பெரிய உருண்டையாகி ஆடினால் கிளீனிங் (ஆக்சைடை உடைக்கும் பாசிட்டிவ் பாதி) அதிகம். நெகட்டிவ் பக்கம் 70 சதவீதம் வையுங்கள். சில மெஷின்களில் இதையே கிளீனிங் 30 என்று காட்டும். உருகிய உலோகக் குளத்தைத் தொட்ட டங்ஸ்டனைத் திரும்பத் தீட்டாமல் ஓட்டாதீர்கள், கரும்பொடி கொட்டும். நுனி நீலக்கறுப்பானால் போஸ்ட்ஃப்ளோ (ஆர்க் அணைந்த பிறகும் ஓடும் கேஸ்) குறைவு; 120 ஆம்பியருக்குப் பத்து, பன்னிரண்டு விநாடி.

அக்டோபர் 22
கேள்வி ஒன்றுதான்: ஓட்டை ஏன் விழுகிறது? பயந்து 70 ஆம்பியரில் தொடங்குவதால். குளம் வருவதற்குள் தகடு முழுக்கச் சூடேறி, ஓரம் சட்டென்று இடிந்துவிழும். 3 மி.மீ.க்கு 120 ஆம்பியர் கொடுங்கள். குளம் தெரிந்ததும் ராடு, உடனே நகர்வு, போகப் போக ஆம்பியர் பெடலைத் தளர்த்துங்கள். முடிவில் சட்டென்று அணைத்தால் குழிக்குள் நட்சத்திர விரிசல். ஒரு சொட்டு ராடு கூடுதலாக விட்டு மெல்ல இறக்குங்கள்.

6061, 6063 ரக அலுமினியத்தை ராடில்லாமல் உருக்கினால் நடுவே விரியும். 4043 ராடு போடுங்கள். அனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்சைடு பூச்சு ஏற்றுவது) செய்யப்போகிறீர்களா? 4043 கறுத்துத் தெரியும், அங்கே 5356 ராடு. ஆனால் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாகும் பாகத்துக்கு 5356 வேண்டாம்.

சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய இன்ஜின் கவர் வேறு கதை. எண்ணெய் வார்ப்புக்குள்ளேயே ஊறியிருக்கும். முதல் ஓட்டம் அழுக்கை மேலே கொண்டுவர மட்டும். அதைத் தீட்டி எடுத்து, குளம் தெளியும்வரை திரும்பச் செய்த பிறகே 4043 ராடை எடுங்கள்.