மூன்றாம் முறை தேறியது: ப்ரிசன் ஆர்க்கிடெக்டில் செல் பிளாக் திட்டமிட்ட அனுபவம்

ப்ரிசன் ஆர்க்கிடெக்ட் என்பது சிறை கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. அதில் நேற்று இரவு என் சிறையை நல்ல விலைக்கு விற்றேன். இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் கலவரத்தில் போயின. அறைகளுக்கான விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

அந்த இரண்டு தடவையும் செல்லை, அதாவது கைதியின் அறையைத்தான் முதலில் வரைந்தேன். 2-க்கு 3 கட்டம், கட்டில், கழிப்பறை. அதையே குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, நீட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டம்கூட வீணாகவில்லை. ஆனால் கேன்டீன் மறுகோடியில், வழியில் மூன்று ஜெயில் கதவுகள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு கைதியைப் பின்தொடர்ந்து பார்த்தேன். முதல் கதவில் நின்றான், கார்டு (சிறைக் காவலர்) வந்து திறந்தார். இரண்டாவதில் மறுபடி நின்றான், கார்டு எங்கோ மூலையில் இருந்தார். கேன்டீன் வரிசையில் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. சாப்பிடாமலே திரும்பினான். தினமும் இப்படியென்றால் கலவரம் வராமல் என்ன செய்யும்? நானோ அதுவரை சாப்பாடுதான் போதவில்லை என்று சமையல்காரர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்!

அதனால் மூன்றாம் முறை கேன்டீனை முதலில் வைத்தேன், அதைச் சுற்றித்தான் செல்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அப்புறம் சில:

- பிளாக்கின் வாசல் கதவு மட்டும் பூட்டியிருக்கட்டும். உள் நடைபாதைக் கதவுகளைத் திறந்தே வையுங்கள்.
- செல்லுக்குள்ளேயே ஷவர் வைத்தால் குளிக்கப் போகும் நடையும் மிச்சம். வாசலில் வடிகால் போட மறந்தால் தண்ணீர் நடைபாதைக்கு வந்துவிடும்.
- பெரிய தண்ணீர்க் குழாய் பிளாக் நெடுக ஓடட்டும், சிறிய குழாய் கிளைக்கு மட்டும்.
- கைதிகள் தப்பிக்கத் தோண்டும் சுரங்கம் கழிப்பறையிலிருந்துதான் தொடங்கும். வெளிச்சுவரை ஒட்டிச் செல் வேண்டாம்.
- பிளாக் பெருகினால் இரண்டாவது கேன்டீன் கட்டுங்கள். எந்த பிளாக் எங்கே சாப்பிடும் என்பதை விளையாட்டின் லாஜிஸ்டிக்ஸ் திரையில் நீங்களே ஒதுக்குங்கள்.

டார்மிட்டரி, அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறை, மலிவு என்பார்கள், உண்மைதான். எனக்கு ஒத்துவரவில்லை. கைதிகளின் தனிமைத் தேவை அங்கே தீராது. தவிர, ஒவ்வொரு கைதிக்கும் அவனுக்கென்று ஒரு கதவு இருந்தால்தான் எனக்கு மனசு ஆறும். செலவு கூடினாலும் பரவாயில்லை, தனி செல்தான் கட்டுவேன்.

அடுத்த பிளாக்கைக் குளோன் செய்யும் முன், கடைசி செல்லில் இருக்கும் கைதியைக் கட்டிலிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை ஒரு தடவை பின்தொடர்ந்து பாருங்கள். அவன் சாப்பிட்டு முடிக்காதவரை புது கைதிகளை எடுக்காதீர்கள்.