இரவில் வந்த வாடையும் ஒரு குயர் நோட்டும்

எங்கள் தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள காகித ஆலையின் புகைபோக்கியிலிருந்து, இரவு 10 மணிக்கு மேல் பிளாஸ்டிக் கருகும் வாடை வரத் தொடங்கியதும் நாங்கள் முதலில் செய்தது, ஆலை வாசலில் போய்ச் சத்தம் போட்டதுதான். பிறகு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில், அறுபது பேர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்தோம். ஆய்வுக்கு அலுவலர் வந்தது பகல் 11 மணிக்கு. கொதிகலனில் விறகு எரிந்துகொண்டிருந்தது. "துர்நாற்றம் தாங்க முடியவில்லை" என்று எழுதிய நாங்கள், எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பழைய காகிதத்தைக் கூழாக்கும்போது, அதனோடு கலந்து வரும் பிளாஸ்டிக் தாள்கள் கழிவாகப் பிரிகின்றன. அவற்றைச் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்பினால் லாரி வாடகை. கொதிகலனில் தள்ளினால் விறகுச் செலவு மிச்சம். பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகும் என்பதால்தான், குப்பை எரியுலையின் இரண்டாம் அறையில் 950 டிகிரி செல்சியஸ் வெப்பமும், புகை அங்கே 2 விநாடியாவது தங்குவதும் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. விறகுக்கென்று கட்டிய கொதிகலனில் அந்த ஏற்பாடு ஏது?

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் வழி காட்டினார். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையின் நகலைக் கேட்டோம். 30 நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்தது. எரிபொருள் என்ற இடத்தில் விறகு என்று மட்டுமே இருந்தது. அந்த ஒரு சொல் எங்களுக்கு அறுபது கையெழுத்தை விடப் பெரிதாகப்பட்டது.

அதன்பின் ஒரு குயர் நோட்டு வாங்கி, வாடை தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று முறைவைத்து எழுதினோம். ஆலைக்குப் பின்னால் கொட்டியிருந்த சாம்பலைக் குச்சியால் கிளறியபோது, பாதி கருகிய பளபளப்பான உறை ஒன்று கிடைத்தது. அதிலிருந்த அயல்நாட்டு எழுத்துகள் கூட அழியவில்லை. அதைப் படம் பிடித்து, நோட்டின் நகலையும் இசைவாணை நகலையும் இணைத்து, இரவு நேர ஆய்வு வேண்டும் என்று கேட்டு இரண்டாவது மனுவைக் கொடுத்தோம்.

ஆலையை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுக்கு அங்கிருந்துதான் சம்பளம் வருகிறது. அவர்களையும் சேர்த்துக்கொள்ளாமல் இது நடந்திருக்காது.

நள்ளிரவு கடந்து வந்த குழு சாம்பல் மாதிரி எடுத்துச் சென்றது. ஆலைக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு போனது. இப்போது வாரம் இருமுறை, கழிவு ஏற்றிய லாரி தார்ப்பாய் மூடி வெளியே போகிறது. அதையும் நோட்டில் குறித்துக்கொள்கிறோம்.