பதினொன்றாம் வகுப்பும் அப்பாவின் முதுகும்

அப்பா பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்தபோது நான் ஒன்பதாவது முழுப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் அப்பா பதிந்திருக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அம்மாவுக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் அம்மா ஓசூருக்குப் போனால் திரும்பி வர இரவு ஏழரை ஆகும். தம்பி, தங்கை இல்லை. படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இரவு ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணிக்கு பட்டன் போனில் அலாரம் வைப்பேன். யூரின் பையைக் காலி செய்வது, துடைத்துவிடுவது, ராகிக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் பழகிவிட்டது. பள்ளிக்கூடம்தான் பழக்கம் விட்டுப்போனது. பதினொன்றாவதில் வாரத்துக்கு மூன்று நாள் போனால் அதிகம். ஊரில் எல்லோரும் “பொறுப்பான பையன்” என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

கேட்டது ஒரு அக்கா. வீடு தேடி வந்து மாத்திரை, பிசியோதெரபி தரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர். அந்தத் திட்டமே நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் சாமனப்பள்ளி என்ற ஊரில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு பி.பி. மாத்திரை கொடுக்க வந்தவர், பதினொரு மணிக்கு நான் பெட்ஷீட் அலசுவதைப் பார்த்து “ஏன் கண்ணு, ஸ்கூல் இல்லையா?” என்றார். லீவு என்றேன். நம்பவில்லை. நேராக உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தார், நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். நான் அக்குளில் கை கொடுத்து அப்பாவைத் தூக்குவதைப் பார்த்ததும், “தம்பி, இப்படியே போனால் உன் முதுகும் போயிடும்” என்றார். பெட்ஷீட்டை இரண்டாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து இழுக்கச் சொன்னார். அறுபத்தைந்து கிலோ அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது! தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடு, வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, வெளுக்கவே இல்லை என்றால் புண் ஆரம்பம் என்றார். ஒன்றரை வருஷமாக இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அந்த அக்காவும் என் கிளாஸ் டீச்சரும் பேசி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் சொன்னார்கள். எனக்கு உதறல். காப்பகத்தில் போட்டுவிடுவார்களோ என்று அப்பாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அலகிலிருந்து வந்தவர் அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பையனைக் கூட்டிப்போக வரவில்லை, அவன் வீட்டிலேயே இருந்து படிக்கத்தான் இந்தப் பணம் என்று பொறுமையாக விளக்கினார். குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய், பதினெட்டு வயது வரை. கிராமத்தில் வருட வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அப்பா மேஸ்திரியாக இருந்தபோது கொடுத்த பழைய விண்ணப்பத்தைப் பார்த்து, வருமானச் சான்றில் 96,000 என்று போட்டுவிட்டார்கள். ஆள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், எங்கே சம்பாதிக்கிறார்? மறுபடி இ-சேவை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஐந்து வாரம் போனது. கிராமத்திலிருந்து விண்ணப்பிப்பவர்கள் சான்று கைக்கு வந்ததும் தொகையைப் பாருங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு அப்பாவை டாடா ஏஸில் மெத்தையோடு ஏற்றிப் போனோம். 75 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்பு என்று சான்று கிடைத்ததால், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. தாலுகா ஆபீஸ் வழியாக வரும் பென்ஷன் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நாங்கள் ஒருநாள் முழுக்கத் தவறான வரிசையில் நின்றோம்.

பணம் வந்தும் நான் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. பகலில் அப்பாவை யார் திருப்புவது? எதிர்வீட்டுப் பெரியம்மா தண்ணீர், சாப்பாடு கொடுப்பதாகச் சொன்னார். ஆனால் அப்பா அவர் முன்னால் வேட்டியை நகர்த்தக்கூட விடமாட்டார். கடைசியில் தெருமுனை ரிட்டயர்டு கண்டக்டர் மாமா, “நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்” என்று பத்து, பன்னிரண்டு, இரண்டு மணி மூன்றையும் ஏற்றுக்கொண்டார். பெட்ஷீட் இழுப்பை அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் அப்பா சுவர்ப் பக்கமே திரும்பிக் கிடந்தாராம். மூன்றாம் நாள் இரண்டு பேரும் தக்காளி விலையைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

பதினெட்டு முடிந்ததும் 4,000 நின்றுவிட்டது. இப்போது தர்மபுரியில் பி.காம். இரண்டாம் வருஷம். பகல் மூன்றும் இன்னும் மாமாதான். அவருக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் ஆனபோது, அவர் மகன் வந்து பத்து நாள் திருப்பிப் போட்டான்.