சீழ் இருக்கிறது, கிருமி இல்லையா?

ராமநாதபுரம் கடற்கரையில் ஆய்வக வேலை பார்க்கும் எனக்கு அதிகம் வருவது சிறுநீர் மாதிரிகள்தான். மண்டபம், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் கரையேறும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறார்கள். நீர்க்கடுப்பு அவர்களை விடுவதே இல்லை.

பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. ஒரே இரவில் மெக்கான்கி என்ற கிருமி வளர்ப்புத் தட்டில் இளஞ்சிவப்பாக வளர்ந்துவிடும். என்னை உறுத்துவது வேறு: நுண்ணோக்கியில் சீழ் செல்கள் நிறைந்திருக்கும், மறுநாள் தட்டு வெறுமையாக இருக்கும். ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை போனதும், வலியோடு வந்தவருக்கு நோயே இல்லை என்றாகிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

புராஸ்டேட் வீக்கமுள்ள மீனவர் ஒருவர், கோ-டிரைமாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தைப் பலமுறை சாப்பிட்டும் எரிச்சல் தீராமல் வந்தார். “படகில் உட்கார முடியவில்லை, தம்பி” என்றார். மெக்கான்கியில் ஒன்றுமில்லை. கிருமிகளுக்கு நிறமேற்றும் கிராம் சாயத்தில் ஊதாக் கோளங்கள், நான்கு நான்காகவும் கொத்தாகவும். ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டான ரத்த அகாரில் குண்டூசி முனையளவு புள்ளிகள், சுற்றிலும் இளம்பச்சை. கொத்து, ஸ்டெபைலோகாக்கஸ் கிருமி என்கிறது; பச்சை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி என்கிறது. தோலிலிருந்து கலந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். அகாரின் ரத்தம் ஒட்டாமல் புள்ளியின் மேல்பகுதியை மட்டும் குச்சியில் எடுத்து (ரத்தம் ஒட்டினால் அதுவே நுரைத்துவிடும்) ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்தேன். நுரைக்கவில்லை. ஸ்டெபைலோகாக்கஸ் என்றால் நுரைத்திருக்கும்; அப்படியென்றால் அது இல்லை. மதுரைக்கு அனுப்பி உறுதிசெய்தோம்: ஏரோகாக்கஸ் யூரினே. 1992-இல்தான் இதற்குப் பெயரே வைத்தார்கள். சல்ஃபா மருந்துகளுக்கு இது பொதுவாக மசியாது. பென்சிலின் வகைக்கு அடங்கும். முதியவர்களுக்கு ரத்தத்தில் கலந்து இதய வால்வைத் தாக்கவும் கூடும் என்பதால் அலட்சியம் ஆகாது. மருத்துவர் அமாக்சிசிலினுக்கு மாற்றினார், எரிச்சல் தணிந்தது.

ஆக்டினோடிக்னம் ஷாலி என்ற கிருமி இன்னும் பிடிவாதமானது. கரியமில வாயுவும் 48 மணி நேரமும் வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில், ஜாடிக்குள் தட்டை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி மூடி, அது தானாக அணையவிட்டாலே போதும். இத்தனைக்குப் பிறகும் சீழ் மட்டும் தொடர்ந்தால் காசநோயைத் தேட வேண்டும். அதற்கு அடுத்தடுத்து மூன்று நாள் விடியற்காலைச் சிறுநீர் தேவை.

மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாளாகத் தொல்லை, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று படிவத்தில் ஒரு வரி எழுதுங்கள். அது தெரிந்தால், மறுநாளே தட்டைக் கழிவில் போடாமல் இன்னொரு நாள் வைத்துப் பார்ப்போம்.