நோயை உணர்ந்தபின் வரும் நாட்கள்

மனச்சிதைவு நோயால் அவதிப்பட்ட ஒருவர், "எனக்குக் கேட்ட குரல்கள் நோயால் வந்தவைதான்" என்று தாமாகவே சொல்லும் நாள், மனநலப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்குப் பெரும் ஆறுதலைத் தருகிறது. கேஸ் ஷீட்டில் 'இன்சைட் உண்டு', அதாவது தமக்கு நோய் இருக்கிறது என்ற நோயுணர்வு வந்துவிட்டது, என்று எழுதிவிட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பும் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அந்த நாளில்தான் அவரோடு கூடுதல் நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படிப்பைப் பாதியில் விட்டிருந்த ஓர் இளைஞரிடம் இதை நேரில் கண்டேன். நோய் தீவிரமாக இருந்தபோது, உலகைக் காக்கும் பொறுப்பு தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக அவர் நம்பினார். மருந்தால் அந்த நம்பிக்கை விலகிய பிறகு, போர்வையின் ஓரத்தை மடித்தும் பிரித்தும் கொண்டே, "முன்னே எனக்கு ஒரு வேலை இருந்துச்சு சார், இப்போ மாத்திரை மட்டும்தான் இருக்கு" என்றார். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். சற்றுப் பொறுத்து, ஆம் என்று தலையசைத்தார். இப்படிக் கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை.

மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மிகவும் ஆபத்தானவை. ஆனால் நோயுணர்வையே குற்றம் சொல்லிவிட முடியாது. அந்த உணர்வு இருப்பதால்தான் பலர் மருந்தை விடாமல் உட்கொள்கிறார்கள். தமக்கு நோய் என்று அறிந்தவர், அதனோடு சமூகம் ஒட்டிவைத்திருக்கும் இழிவையும் உண்மையென ஏற்று, இனித் தமக்கு எதிர்காலமே இல்லை என்று முடிவுகட்டும்போதுதான் நிலைமை கைமீறுகிறது. நோயின் தீவிரம் தணிந்தபின் தலைதூக்கும் மனச்சோர்வை வெறும் சோம்பல் என்று வீட்டார் எடுத்துக்கொள்வதும் உண்டு.

அந்த இளைஞரை வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிவைத்து, மனச்சோர்வுக்கும் சிகிச்சை தொடங்கினோம். தற்கொலை எண்ணம் மீண்டும் மீண்டும் வருபவர்களுக்குக் குளோசபின் என்ற மருந்தையும் மருத்துவர்கள் பரிசீலிப்பதுண்டு. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2002ஆம் ஆண்டிலேயே அதை இந்த நோக்கத்துக்காக அங்கீகரித்தது. வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையுடன்தான் அதைத் தர வேண்டும். மருந்துக்கு இணையாக, படிப்பை எப்போது, எவ்வளவு சிறிய அளவில் மீண்டும் தொடங்கலாம் என்ற பேச்சும் அவருக்குத் தேவைப்பட்டது. அதற்கே பல அமர்வுகளைச் செலவிட்டோம்.

அவர் வீடு திரும்பும் முன் அவருடைய அக்காவையும் அழைத்துப் பேசினேன். தம்பி மாத்திரை சாப்பிட்டானா என்று மட்டும் விசாரிக்காமல், தூக்கம் எப்படி இருக்கிறது, நாளை என்ன செய்ய நினைக்கிறான் என்றும் கேட்கும்படியும், சாவைப் பற்றி அவன் எதைச் சொன்னாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே எங்களை அழைக்கும்படியும் சொன்னேன். அடுத்த சந்திப்பையும் அந்த வாரத்துக்குள்ளேயே குறித்துக் கொடுத்தோம்.