களை மருந்தும் ஐஸ் பெட்டியும்

மண் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, புரட்டாசிப் பட்டத்தில் பெரம்பலூர் பக்கம் மானாவாரி மக்காச்சோளக் காட்டில் மண் எடுக்க அனுப்பிவிட்டார்கள். ஒரு துண்டில் விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களை மருந்து அடிப்பது, ஒன்றில் ஆள் வைத்துக் களை வெட்டுவது, இன்னொன்றைக் களையோடு அப்படியே விடுவது, இதையே காடு முழுக்க நாலு தடவை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். நாள் கணக்கு வைத்து மண் எடுத்து வந்து அதில் உயிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு விடை முன்னாலேயே தெரியும். மருந்து அடித்த மண் செத்திருக்கும், கையால் வெட்டிய மண் நன்றாக இருக்கும், இதற்கு எதற்கு ஒரு பட்டம் பூராவும் அலைய வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் தடவையே சொதப்பல். கரிசலில் மண்வெட்டியால் பள்ளம் பறித்து, 15 செ.மீ. ஆழம் வரை ஓரத்தைச் சீவி எடுத்து, கலந்து, பையில் கட்டி, எல்லாம் முறையாகச் செய்துவிட்டு ஐஸ் பெட்டியைச் சரியாக மூடாமல் வண்டியில் வெயிலில் விட்டுவிட்டேன். திறந்து பார்த்த சார், “மண்ணை அவிச்சுக் கொண்டாந்திருக்கியாப்பா?” என்றார். அத்தனை பையும் குப்பைக்குப் போனது. மறுநாள் திரும்பவும் அதே பஸ்.

ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மண்ணைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, டெட்ராசோலியம் என்ற நிறமற்ற உப்பின் கரைசலை ஊற்றி 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால், உயிருள்ள செல்களின் டிஹைட்ரஜனேஸ் நொதி அதைச் சிவப்பாக மாற்றிவிடும். மெத்தனாலில் வடித்து, நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளப்போம். கருவி இல்லாவிட்டாலும் கண்ணுக்கே தெரியும்: நல்ல சிவப்பு என்றால் மண் சுறுசுறுப்பாக இருக்கிறது, வெளிறினால் சோர்ந்திருக்கிறது.

மருந்து அடித்து ஏழாம் நாள் எடுத்த மண் வெளிறித்தான் இருந்தது. நான் சொன்னேன் இல்லையா என்று உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் முப்பதாம் நாள் பார்த்தால் அது மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. அதைவிடப் பெரிய அடி, கையால் களை வெட்டிய துண்டில். வெட்டிய பிறகு ஒரு வாரம் மழையில்லை, மண் திறந்து கிடந்து காய்ந்தது, அந்தக் குழாயும் வெளிறிப்போனது. கடைசி வரை நல்ல சிவப்பாக இருந்தது களை மண்டிக் கிடந்த துண்டுதான், விளைச்சலுக்குத்தான் ஆகாது. நிழலும் ஈரமும் வேர்க் கசிவும் கிடைத்தால் நுண்ணுயிருக்கு அது மக்காச்சோளமா சாரணைக் களையா என்று கவலையில்லை.

மருந்து அடித்த மண் மீண்டதற்கும் காரணம் உண்டு. அட்ரசினில் உள்ள நைட்ரஜனை எடுத்துத் தின்னக்கூடிய பாக்டீரியாக்கள் இருக்கின்றன, சூடோமோனாஸ் வகை ஒன்று இதற்கே பேர்போனது. திரும்பத் திரும்ப அடித்த காட்டில் மருந்து சீக்கிரம் சிதைந்துபோவதும் இதனால்தான். ஆனால் அறிக்கையில் ‘சமநிலைக்குத் திரும்பியது’ என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. நுண்ணுயிரை வளர்த்து எண்ணும் ஆய்வகத் தட்டில் வளர்வது மண்ணில் உள்ளதில் நூற்றுக்கு ஒன்று தேறினால் பெரிது, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சணம் தட்டில் தலைகாட்டுவதே இல்லை. சிவப்பு நிறமும் வேலை நடக்கிறது என்றுதான் சொல்லும், பழைய ஆட்களா புது ஆட்களா என்று சொல்லாது. அதோடு, நுண்ணுயிர் மீண்டுவிட்டது என்பதால் மருந்து நல்லது என்றும் ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அட்ரசினை விலக்கியது நிலத்தடி நீரில் கலந்ததால்தான்.

அந்தக் காட்டில் களை வெட்ட வந்த பெரியம்மா ஒருவர் களையை வரப்பில் எறியாமல் வரிசைக்கு நடுவிலேயே பரப்பிக்கொண்டே போனார். ஏன் என்று கேட்டேன். “வெயிலு மண்ணுல படாதுல்ல தம்பி, அப்புறம் சுமந்துட்டுப் போய் எவ கொட்டுறது?” என்றார். ஒரு ஆர்வத்தில் அந்த மூடாக்குக்குக் கீழே இருந்தும் ஒரு பை மண் எடுத்தேன். குழாய் நல்ல சிவப்பு. சார் ரொம்ப நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒரே ஒரு பை. இதை எந்த அட்டவணையில போடுவே?” என்றார். போடவில்லை, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்.

அடுத்த பட்டத்துக்கு அந்த மூன்று வகையோடு மூடாக்கையும் நாலாவதாகச் சேர்க்கலாமா என்று காட்டுக்காரரிடம் கேட்டோம். “காடு இருக்கு சார், ஆள் கூலியை யாரு குடுக்கறது? ஒரு ஆளு, நாலு டேங்கு மருந்து, மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சுது” என்றார்.