தோட்டப் பாடசாலையில் வேலை செய்துகொண்டே சட்டமாணி முடித்த கதை

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டு இரண்டு நிறுவனங்களை ஒன்றாக்கி அமைக்கப்பட்டது. ஒன்று, அச்சிட்ட பாடங்களை அனுப்பிக் கற்பித்துவந்த இலங்கைத் தொலைக்கல்வி நிறுவகம். மற்றது, வெளிவாரி மாணவர்களைப் பதிந்து பரீட்சை நடத்திய வெளிவாரிச் சேவைகள் முகவரகம். முன்னதில் கற்பித்தல் இருந்தது, பட்டம் இல்லை; பின்னதில் பட்டம் இருந்தது, கற்பிப்பார் இல்லை. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தபடியே நான் சட்டமாணி (LLB) பட்டம் முடித்ததற்கு இந்த இணைப்பே காரணம் என்பேன். வெறும் வெளிவாரிப் பரீட்சையாக இருந்திருந்தால் ஒப்பந்தச் சட்டத்தோடு புத்தகத்தை மூடிவைத்திருப்பேன்.

சட்டமாணிக்கான தெரிவுப் பரீட்சையைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது என் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் உயர்தரப் பெறுபேற்றில் மூன்றாவது விதமாகவும் அது எழுதப்பட்டிருந்தது. மலையகத்தில் இது பலருக்கும் பழகிய தொல்லைதான். ஓர் அலுவலகம் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி போதும் என்றது. இன்னோர் அலுவலகம் பிறப்புப் பதிவையே திருத்திவரச் சொன்னது. நான் திருத்தியே விட்டேன். விண்ணப்பம் கோரும் விளம்பரம் வரும்வரை காத்திராமல் இந்த வேலையை முன்கூட்டியே முடித்துவைப்பது நல்லது.

கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பாடநூல்களைக் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். மீதி நம் பொறுப்பு. ஒப்படைகளிலும் தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளிலும் போதிய புள்ளி பெற்றாலொழிய இறுதிப் பரீட்சைக்கு அமரும் தகைமை கிடைக்காது. அப்போது இதைக் கெடுபிடி என்று திட்டினேன். ஆனால் பாடசாலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் கழிந்துவிடும் ஒருவரை ஆண்டு முழுவதும் படிக்கவைப்பதற்கு அதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அரசியலமைப்புச் சட்டத்தில் கோடக்கன் பிள்ளை எதிர் முதன்நாயக்க வழக்கு வந்தபோது மட்டும் நான் ஒப்படைக்காகப் படிக்கவில்லை. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையில் செய்யப்பட்ட திருத்தமும் ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்கள் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லவில்லை என்பதால், அது யாரைத் தாக்கியது என்பதை நீதிமன்றம் பார்க்காமல் விடலாமா என்று வகுப்பில் நெடுநேரம் விவாதித்தோம். விடக்கூடாது என்பதே அன்றும் இன்றும் என் கருத்து. நாடற்றவராகவே இறந்த தாத்தாவின் கடதாசிகள் எங்கள் லயத்து வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அவர் இல்லை. அந்தக் கடதாசிகளையும் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான், உப பிரிவுகளுக்கு அஞ்சும் பழக்கம் என்னைவிட்டுப் போயிற்று.

தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்ததால் தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கே ஒரு மாலை போனது. வழக்கின் சங்கதிகள், எழுந்த வினா, முடிவு, காரணம் ஆகியவற்றை மட்டும் தமிழில் குறித்துக்கொள்ளத் தொடங்கியதும் வேகம் வந்தது.

பட்டம் பெற்றதோடு சட்டத்தரணி ஆகிவிட முடியாது. சட்டப் பட்டதாரி என்பதால் எனக்குச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை இருக்கவில்லை. ஆனால் அங்கு பரீட்சைகளை முடித்து, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. பயிற்சிக்குக் கொழும்பே சிறந்தது என்று பலர் சொன்னார்கள். நான் ஹட்டனிலேயே ஒருவரிடம் சேர்ந்தேன். பராமரிப்பு வழக்குகளும் சேமலாப நிதிப் பிணக்குகளுமே அங்கு அதிகம் வந்தன. பின்னர் நான் செய்யப்போகும் வேலையும் அதுவாகவே இருந்தது.